கொடிக்கம்பத்துக்குத் தெற்கே

எங்கள் வீட்டு முற்றத்தில், துணி காயப்போடும் இரும்புக் கொடிக்கம்பத்துக்குத் தெற்கே, சிமெண்ட் தரையில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் சுரண்டி வெளுத்துக் கிடக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பெயிண்ட் கொட்டியதைச் சுரண்டியிருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள். நான் மட்டும் அந்த இடத்தை மிதிக்காமல் காலை எட்டி வைத்து நடக்கிறேன். அதைச் சுரண்டியது நான். அங்கே இருந்தவை என் மூத்த மகள் வைத்த இரண்டு புள்ளிகள். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

மலைமேல் காவலூரில் தொலைநோக்கிகள் இருக்கும் வளாகத்தில் எனக்கு வேலை. ஆராய்ச்சி செய்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சேர்ந்தவன். சாயங்காலம் குவிமாடத்தின் ஷட்டரைத் திறக்க வேண்டும், அவர்கள் சொல்லும் பக்கம் அதைத் திருப்ப வேண்டும், மோட்டாரைக் கவனிக்க வேண்டும், விடியும்போது மூடிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான். வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்குப் படுத்தால் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் எழுந்திருப்பேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. பிள்ளைகள் பேச ஆரம்பித்தபோதே "அப்பா தூங்கறாரு" என்ற வாக்கியத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த வீட்டில் குக்கர்கூடப் பயந்துகொண்டுதான் விசில் அடிக்கிறது என்பாள் என் மனைவி.

மழை மாதங்களில் எங்களுக்கு ராத்திரி வேலை குறைவு. அப்போது பகலில் விழித்திருப்பேன். ஆனால் அப்போது வெயில் இருக்காது. ஆகவே பதினாறு வருஷம் வானத்தின் கீழேயே வேலை பார்த்தும், உச்சி வெயிலில் நின்று என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

ஊரில் என் மதிப்பு வேறு. கிரகணம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். "மாசமா கீற பொண்ணு வெளிய வர்லாங்களா சாரு?" என்று கேட்பார்கள். வால் நட்சத்திரம் எப்போது வரும், நிலாவில் தண்ணீர் இருக்கிறதா, மேலிருந்து நம் மலை தெரியுமா என்று கேட்பார்கள். தெரிந்தது, தெரியாதது, பாதி காதில் விழுந்தது எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த வளாகத்துக்குள் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் நான்தான் விஞ்ஞானி. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் ஒரு காகித நட்சத்திரத்தில் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு என் மனைவி கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு ஸ்டார் கட்டியிருந்தாள். ஒடுகத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது வாங்கி வந்தது. பொங்கல் வந்தும் யாரும் அதைக் கழற்றவில்லை. அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த சின்னவள்தான் முதலில் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு மத்தியானம் ஸ்டாரு நெழலு சமையக்கட்டுப் படிமேல இருந்துச்சுப்பா. இப்ப படிய உட்டு எறங்கிடுச்சு."

நாலு விரல் அளவு இறங்கியிருந்தது என்றாள் பெரியவள். அவளுக்கு எதையும் அளந்து சொல்ல வேண்டும். பொங்கல் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன், உற்சாகமாகவும் இருந்தேன். "வாங்க, இத வருஷம் பூரா பாக்கலாம்" என்றேன். ஸ்டாரையும் கொடிக்கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, கம்பம் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். ஆறடிக் கம்பம், மயிரிழை சாயவில்லை. செல்போன் திசைகாட்டியை வைத்து வடக்கு தெற்காகச் சாக்பீஸ் கோடு இழுத்தேன். நிழலின் நுனியில் புள்ளி வைக்க மனைவியின் நகப் பூச்சை எடுத்துக்கொண்டோம். சாக்பீஸ் மழையில் போய்விடும், நகப் பூச்சு போகாது. ஒரு பாட்டில் போயிற்று என்று அவள் முணுமுணுத்தாள். அந்த வருஷத்தில் மொத்தம் மூன்று பாட்டில் போயிற்று.

"நம்மூருக்கு உச்சி பன்னெண்டு மணிக்கு இல்ல, பன்னெண்டேகாலுக்கு" என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு ஆராய்ச்சி மாணவர் எப்போதோ சொன்னது. முதல் புள்ளி கம்பத்திலிருந்து வடக்கே நாலடியில் விழுந்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலுக்குப் போய்வந்ததும் அவர்கள் இருவரும் பன்னிரண்டேகாலுக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுத வேண்டும், நான் எழுந்ததும் பார்ப்பேன் என்று ஏற்பாடு. நானே அந்த நேரத்துக்கு எழுந்து வந்து பார்ப்பேன் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மாசி வந்தது, பங்குனி வந்தது. சிவப்புப் புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி வடக்கிலிருந்து கம்பத்தை நோக்கி நகர்ந்து வந்தன. நாலடி மூன்றடி ஆயிற்று, மூன்றடி ஒன்றேகால் அடி ஆயிற்று. மூன்று மணிக்கு எழுந்து டீயைக் குடித்துக்கொண்டே நோட்டைப் பார்ப்பேன். பெரியவளின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தேதி, மணி, அளவு, திசை. திசை என்ற பத்தியில் ஒவ்வொரு வாரமும் "வடக்கு" என்று எழுதியிருப்பாள். "தெனம் அதானே, எதுக்கு எழுதற?" என்று கேட்டேன். "பாத்தத எழுதணும்ல?" என்றாள்.

ஒரு நாள் இனி என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து, நடுவில் பேனாவால் கோடு கிழித்து, அதுதான் பூமத்திய ரேகை என்றேன். "நாம கோட்டுக்கு மேல கீறோம். சூரியன் கோட்டுக்கு நேரா இருக்குது. அதனால நமக்கு அது எப்பவும் தெக்கால. நெழலு எப்பவும் வடக்கால. இப்பிடியே சின்னதாய்ட்டு வரும், கம்பத்தாண்ட வந்துட்டு, வந்த வழியே திரும்பிப் போய்டும்." எவ்வளவு திருத்தமாகச் சொன்னேன்! சின்னவள் கொய்யாப்பழத்தைத் தின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்மா அப்போது முற்றத்தின் மறுபாதியில் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். மலைக்காரர், என் மனைவி வயது. சாமையும் புளியும்தான் அவர்கள் குடும்பத்துக்குப் பிழைப்பு. எங்களுக்கும் அவர்களுக்கும் முற்றம் பொது. புளி ஓடு உடைத்துக்கொண்டே எங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்பிடி இல்லீங்க சாரு" என்றார். "சித்திர பாதி தாண்டினா வடக்கு செவுத்துல வெயிலு அடிக்கும். நெழலு தெக்கால வந்துடும். நாங்க புளிப்பாய அப்பதான் எடம் மாத்துவோம். ஆவணி வரிக்கும் அப்பிடித்தான் இருக்கும்."

நான் சிரித்தேன். நல்லவிதமான சிரிப்பு இல்லை அது. "அது உங்க பாயிக்கு ஏத்தமாரி பாக்கறதும்மா. இது சயின்ஸு" என்றேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நமக்கு இன்னா தெரியும் சாரு" என்று மறுபடி புளியைத் தட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் இரண்டும் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வருஷா வருஷம் அந்த வெயிலிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம், அந்த நேரத்தில் போர்வைக்குள் கிடக்கிற நான் வெயிலைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிறு நிழலே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சின்னவள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிக் குதித்தாளாம். "நெழலு செத்துப் போச்சு" என்று கத்தி அம்மாவிடம் வசவு வாங்கினாளாம். எழுந்ததும் எனக்குச் சொன்னார்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல? இனிமே வந்த வழியே திரும்பும்" என்றேன். நோட்டில் அளவு பூஜ்யம். திசை என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் நான் நோட்டைப் பார்க்கவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது. அந்த ராத்திரி வேலையில் மோட்டார் இரண்டு முறை நின்று, எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வந்து படுத்திருந்தேன். பன்னிரண்டரை இருக்கும். என் தோளை ஒரு கை அசைத்தது. பெரியவள்.

"அப்பா, நெழலு கம்பத்துக்கு அந்தாண்ட போய்டுச்சுப்பா. தெக்கால. போன வாரமும் அப்பிடித்தான் இருந்துச்சு. எனக்கே சந்தேகமாயிருந்துச்சு. இந்த வாரமும் பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். நீ எந்திரிச்சு வந்து பாருப்பா, இப்பவே பாரு."

"தூங்கற ஆள எழுப்பாதன்னு எத்தினி தடவ சொல்றது?"

"பக்கத்து வூட்டு அத்த சொன்ன மாதிரியே ஆய்டுச்சுப்பா."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது. "போடி வெளிய!" என்று கத்தினேன். அவள் போனாள். நான் திரும்பிப் படுத்தேன். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். படுக்கையிலிருந்து முற்றத்துக்குப் பத்தடி. அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை.

மூன்றரைக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். நிழல் அதற்குள் கிழக்கே சாய்ந்துவிட்டது. கம்பத்துக்குத் தெற்கே மூன்று அங்குலத்தில் ஒரு புள்ளி, அரை அடியில் ஒரு புள்ளி. நோட்டில் இரண்டு வாரமும் "தெற்கு" என்று எழுதியிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மணி தப்பாகப் பார்த்தாயா, விளையாட்டுக்கு வைத்தாயா, அந்த அம்மா சொல்லி வைத்தாயா என்று அடுக்கினேன். கொடிக்கயிறு இழுத்துக் கம்பம் சாய்ந்திருக்கும் என்றும் சொன்னேன். கொடிக்கயிற்றைத்தான் நானே அவிழ்த்துவிட்டேனே, அது நினைவில்லை. தூக்குக்குண்டு அலமாரியில்தான் இருந்தது, அதையும் எடுக்கவில்லை.

"நான் பாத்தம்பா" என்றாள்.

"பாத்தா போதுமா? பொய் சொல்றியா?"

"நாளைக்கி நீயே பாருப்பா."

"எனக்கு வேற வேல இல்ல?"

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓங்கிய கையே போதும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, "அவ பொய் சொல்ற பொண்ணாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சுவருக்குப் பட்டி போடும் பிளேடை எடுத்து வந்து அந்த இரண்டு புள்ளிகளையும் சுரண்டினேன். நகப் பூச்சு சிமெண்டில் ஊறியிருந்தது. லேசில் போகவில்லை. போகாத ஆத்திரத்தில் தரையையே சுரண்டினேன். பிறகு அவள் கையில் பாட்டிலைக் கொடுத்து, அதே மூன்று அங்குலத்திலும் அரை அடியிலும் வடக்குப் பக்கம் புள்ளி வைக்கச் சொன்னேன். வைத்தாள். நோட்டில் "தெற்கு" என்பதை அழித்துவிட்டு "வடக்கு" என்று எழுதச் சொன்னேன். ரப்பரால் அழித்து அழித்துக் காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று. எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நோட்டு ஒழுங்காக இருந்தது. புள்ளிகள் நான் சொன்னபடியே வடக்கே விலகிப் போயின. எழுந்து வந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்தி. ஒரு நாள் வளாகத்து கேண்டீனில் உட்கார்ந்து, "எம் பொண்ணு நெழல அளந்து எழுதறா சார், அப்பிடியே புஸ்தகத்துல கீற மாதிரி வருது" என்றுகூடச் சொன்னேன். கேட்டவர் ஒரு டிரைவர். நல்லவேளை.

ஆனி மாதம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மேகம் மூட்டம் போட்டு எங்களுக்கு ராத்திரி வேலை நின்றிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரை தூறிவிட்டு, பதினோரு மணிக்குப் பளிச்சென்று வெளுத்தது. மனைவி துவைத்த துணியைக் கூடையில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். காயப்போடலாம் என்று நான் முற்றத்துக்கு வந்தேன். கயிற்றைக் கம்பத்தில் கட்டும்போது, கீழே தரையில் கம்பத்தின் நிழலைப் பார்த்தேன். அது தெற்கே கிடந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது கம்பம் சாய்ந்துவிட்டது என்றுதான். உள்ளே ஓடிப்போய்த் தூக்குக்குண்டு எடுத்து வந்தேன். நேராக இருந்தது. மணி பார்த்தேன், பன்னிரண்டு பதினேழு. செல்போன் திசைகாட்டியை எடுத்தேன். சாக்பீஸ் கோட்டின் மிச்சம் சரியாக இருந்தது. கம்பத்தை விட்டு நகர்ந்து நின்று என் நிழலைப் பார்த்தேன். அதுவும் தெற்கே கிடந்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வடக்குச் சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

அளந்தேன். தெற்கே ஓரடி இரண்டு அங்குலம். நான் சுரண்டிய இடத்தின் மேலாகத்தான் நிழல் கடந்து போயிருந்தது. எதிர்ப்பக்கம் வடக்கே, இரண்டேகால் அடி தூரத்தில், போன ஞாயிறு வைத்த சிவப்புப் புள்ளி பளபளவென்று இருந்தது. அங்கே நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. சித்திரைக்குப் பிறகு வந்த அளவுகள் எல்லாம் மாசி, பங்குனியில் எழுதிய அதே அளவுகள்தான், கீழிருந்து மேலாக. வந்த வழியே திரும்பும் என்று நான் சொன்னேன் அல்லவா, அவள் நோட்டையே திருப்பி எழுதியிருக்கிறாள். கால் அங்குலம்கூட மாறவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். துணியெல்லாம் கூடையில் அப்படியே கிடந்தது. மனைவி வந்து திட்டியதுகூட எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

மறுநாள் வளாகத்தில் அந்த ஆராய்ச்சி மாணவரிடம், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, நடு மத்தியான நிழல் இங்கே தெற்கே விழுமா என்று கேட்டேன். "விழுமே. சூரியன் வடக்கே கடக ரேகை வரைக்கும் போகுதில்லையா? நாம அதுக்குத் தெற்கே இருக்கோம். நமக்கு வருஷத்துல ரெண்டு நாள் நிழலே இருக்காது, நடுவுல உள்ள நாலு மாசம் தெற்கேதான் விழும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இத்தனை வருஷமா இங்கே இருக்கீங்க, பாத்திருப்பீங்களே?" என்றார். "பாத்திருக்கேன் சார், சும்மா கேட்டேன்" என்றேன். அங்கேயும் அதே வாய்தான்.

உடனே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சாப்பிடும்போது வாய் வரை வரும், உள்ளே போய்விடும். ஞாயிறு அவளோடு நின்று, இருவருமாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, அவளே கண்டுபிடித்ததுபோல ஆக்கிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி யோசித்தேன். என் தப்பு வெளியே வராமல் அவளுக்கு நல்லது செய்துவிடுகிற வழி. அந்த ஞாயிறு காலையிலிருந்தே மூட்டம். நிழல் விழவே இல்லை. அந்த மலையில் மேகத்தைத் திட்டாத ஆள் எங்களில் கிடையாது. அன்றைக்கு மேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை கீழே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், கெட்ட வார்த்தை பேசினேன், பூசையைத் தவறவிட்டேன் என்று வழக்கமானதை எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இதைத் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிற சாமியாரிடம் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு திருட்டுக் கணக்கு இருந்தது தெரிந்தது. அதனாலேயே சொல்லவில்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது, நாளைக்கு வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடித்தது. பன்னிரண்டு மணிக்கே நான் முற்றத்தில் போய் நின்றேன். பெரியவள் நோட்டும் நகப் பூச்சுமாக வந்தாள், பின்னாலேயே சின்னவள். நான் நிற்பதைப் பார்த்ததும் பெரியவளின் நடை குறைந்தது. பன்னிரண்டேகால் ஆயிற்று. நிழல் தெற்கே, கறுப்பாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி கிடந்தது. அவள் பாட்டிலைத் திறந்து, பிரஷ்ஷை எடுத்தாள். நிழலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எங்க வெக்கட்டும்பா?"

யோசித்து வைத்திருந்த குறுக்கு வழியெல்லாம் அந்தக் கேள்வியில் போயிற்று.

"நெழலு எங்க கீது?"

"தெக்கால."

"அங்க வை."

"நீதான வடக்கால வெக்கணும்னு சொன்ன?"

நான் தரையில் உட்கார்ந்தேன். சிமெண்ட் சுட்டது. "நான் சொன்னது தப்பும்மா. நீ பாத்ததுதான் சரி. நான் எந்திரிச்சு வந்து பாக்கவே இல்ல. பாக்காமலே உன்ன பொய் சொல்றன்னு சொல்லிட்டேன். நீ வெச்ச புள்ளிய சொரண்டினதும் தப்பு. அப்பாவ மன்னிச்சுக்க."

சின்னவள் கைகொட்டினாள். "அப்பா தப்பு! அப்பா தப்பு!" என்று கத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த அம்மா வெளியே வந்து பார்த்தார். அவரைப் பார்த்து, "நீங்க சொன்னதுதாம்மா சரி. அன்னிக்கி நான் சிரிச்சது தப்பு" என்று சொன்னேன். "அட, அதப் போய் இன்னும் மனசுல வெச்சிகினு கீறீங்களா சாரு" என்று அவர் சங்கடப்பட்டு உள்ளே போய்விட்டார். அவர் மறந்திருக்க மாட்டார். எனக்கு வழி விட்டார், அவ்வளவுதான்.

பெரியவள் குனிந்து தெற்கே புள்ளி வைத்தாள். நோட்டில் எழுதினாள். அவளை உற்சாகப்படுத்த வேண்டும் என்று நினைத்து நான் கேட்டேன். "இடையில ஆறேழு வாரம் போச்சில்ல, அப்பல்லாம் தெக்கால எவ்ளோ இருந்துச்சுன்னு ஞாபகம் கீதா? நோட்டுல மாத்தி எழுதிடலாம்." மனதுக்குள்ளாவது வைத்திருப்பாள், எங்காவது ஒரு மூலையில் குறித்திருப்பாள் என்று நம்பினேன். அவள் அப்படிப்பட்ட பெண்.

"தெரீலப்பா" என்றாள். "பாக்கல."

"பாக்கலியா?"

"நீதான் எங்க விழும்னு சொல்லிட்டியே. அப்புறம் பாக்கறதுக்கு இன்னா கீது? பழைய கணக்க பாத்து வெச்சிட்டு வந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை பெய்தால் துணி காயாது என்பதுபோலச் சொன்னாள். ஒரு வாரம் பொறுத்து, மறுபடி பார்த்து, நிச்சயமான பிறகே சொல்ல வந்தவள் அவள். அவளிடமிருந்து நான் சுரண்டி எடுத்தது இரண்டு புள்ளிகளை மட்டும் இல்லை.

அந்த ஆறு ஞாயிறுகளின் அளவுகளையும் நோட்டில் நானே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், "அப்பா பார்க்காமல் சொன்னதால் அளக்கவில்லை" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வடக்கே இருந்த பொய்ப் புள்ளிகளை அவள் அழிக்க வந்தபோது, நான் அழிக்கவிடவில்லை. அவை கிடக்கட்டும் என்றேன். ஆவணியில் நிழல் மறுபடி ஒரு நாள் இல்லாமல் போயிற்று, மறுபடி வடக்கே போயிற்று, அடுத்த சித்திரையில் மறுபடி தெற்கே வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுகிறேன். கண் எரியும். முகம் கழுவிக்கொண்டு முற்றத்தில் போய் நிற்பேன். ஊரில் யாராவது வானத்தைப் பற்றிக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பெரியவள் இப்போது ஆறாம் வகுப்பு. புள்ளியைச் சரியாக நிழலின் நுனியில்தான் வைக்கிறாள். அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் பிரஷ்ஷைத் தரையில் வைக்கும் முன்னால், ஒவ்வொரு ஞாயிறும், ஒரு நொடி தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கே தெரியாமல் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். அதனால் பன்னிரண்டேகால் ஆனதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.